பேப்பர்காரர்கள் வாய் மூடிய ஐந்து நிமிடம்

சிவப்பு விழுந்ததும் இரண்டு விநாடி கிடைக்கும். வண்டிகள் பிரேக் போட்டு, இஞ்சின் இரைச்சல் தணிந்து, பின்னால் நிற்பவன் கை ஹாரனுக்குப் போவதற்குள் வருகிற இரண்டு விநாடி. அதற்குள் குரலை உள்ளே விட்டுவிட வேண்டும். விட்டவன் விற்பான். விடாதவன் அடுத்த சிவப்பு வரை கம்பத்தோடு கம்பமாக நிற்பான். அந்த நாற்சந்தியில் மாலைப் பேப்பர் விற்கிற பதினேழு பேருக்கும் தொழில் என்பது இவ்வளவுதான்.

பெரியவனுக்கு இது இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அவன் விளக்கைப் பார்ப்பதுகூட இல்லை. கண்ணின் ஓரத்தில் சிவப்பு விழும், வாய் திறக்கும். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது எதிர்வீட்டுச் சிவப்பு பல்பின் வெளிச்சம் சுவரில் விழ, படுத்தபடியே கூவியிருக்கிறான். அவன் மனைவி அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவனைப் பெரியவன் என்று எல்லோரும் அழைத்ததற்குக் காரணம், எதிர்முனையில் சின்னவன் என்று ஒருவன் இருந்ததுதான். உடன்பிறந்த தம்பி. அண்ணன் கிழக்குக் கம்பத்தடியில், தம்பி மேற்குக் கம்பத்தடியில், நடுவில் ஆறு வரிசை வண்டி. இருவருக்கும் சேர்த்து ஒரே கூவல். அண்ணன் தலையை எடுப்பான்: "பேப்பரேய், மாலைப் பேப்பர்." அவன் மூச்சு வாங்குகிற நேரத்தில் தம்பி வாலைப் போடுவான்: "சூடா இருக்கு, சூடா இருக்கு." இரண்டு நெடில், மூன்று குறில். மறுபடி அதே. வண்டிக்குள் இருப்பவனுக்கு ஒரு காதில் தலையும் மறு காதில் வாலும் விழும். கண்ணாடி தானாக இறங்கும்.

பேசிக்கொள்ள வேறு வழி இருந்தது. இரண்டு கம்பங்களையும் தலைக்கு மேலே ஒரு இரும்பு உத்தரம் இணைத்தது, ஊர்ப்பெயர்ப் பலகைகள் தொங்குகிற உத்தரம். இந்தக் கம்பத்தைச் சாவியால் தட்டினால் அந்தக் கம்பத்தில் காது வைத்தவனுக்குக் கேட்கும். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு என்றால், உன் கையில் எத்தனை பாக்கி என்று கேள்வி. பதில் ஐந்தைந்தாக வரும். பேப்பர்காரன் ஐந்தைந்தாகத்தான் எண்ணுவான், ஐந்து பேப்பர் ஒரு கை. ஏழு பாக்கி என்றால் ஐந்து தட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு தட்டு. எண்ணிக்கை கேட்காமலே வருகிற ஒற்றைத் தட்டுக்கு, நான் இங்கேதான் இருக்கேன் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் சின்னவன் தட்டிய எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவன் ரயில் சுரங்க வேலைக்குப் போனான். அனுப்பியது அண்ணன்தான். வெயிலிலும் புகையிலும் தம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது. தினமும் பேப்பர் வாங்குகிற ஒரு மேஸ்திரியிடம் சொல்லி வைத்துச் சேர்த்துவிட்டான். சுரங்கம் தோண்டியது அதே நாற்சந்திக்குக் கீழேதான். இடம் மாறல, மாடிதான் மாறிச்சு என்று மற்ற பேப்பர்காரர்கள் கேலி செய்தார்கள். மேற்குக் கம்பத்துக்கு வேறு ஆள் வந்தான். அவனுக்குத் தனிக் கூவல். ஆனாலும் பெரியவன் தலையைக் கூவிவிட்டுத் தம்பிக்கான இடைவெளியை விட்டே பழகியிருந்தான். யாருக்குடா அந்த நிறுத்தம் என்று கேட்பார்கள். மூச்சு வாங்குறேன் என்பான்.

செவ்வாய்க்கிழமை காலை சுரங்கம் இடிந்தது.

மேலே சாலையில் ஒரு லாரி அளவுக்குப் பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே எட்டு பேர். அன்று மாலைப் பேப்பரில் எட்டுப் பெயரும் வந்தது. ஐந்தாவது பெயர் சின்னவனுடையது. அன்றைக்குத் தலைப்புச் செய்தியை மற்றவர்கள்தான் கூவினார்கள். பள்ளத்தைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டியிருந்த இடத்தில் பெரியவன் தம்பி மனைவியோடு நின்றான்.  ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது அவள், "மாமா, அவருக்கு இருட்டுன்னா ஆகாது" என்றாள்.

புதன்கிழமையிலிருந்து அவன் கம்பத்தடிக்குத் திரும்பினான். கயிற்றருகே நின்றாலும் கம்பத்தடியில் நின்றாலும் ஒன்றுதான். சுரங்கத்தை எட்டுவதற்காக இரும்புக் குழாய் ஒன்றைக் கிழக்கு முனையில், அவன் கம்பத்துக்கு ஐந்தடி தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

கயிற்றருகே ஒரு பெண் இருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. தினமும் பேப்பர் வண்டி வந்ததும் முதல் பேப்பரை அவள்தான் வாங்குவாள். முதல் பக்கத்தில் எட்டுப் பெயரையும் விரல் வைத்துப் படிப்பாள். உள்ளே பிரிக்க மாட்டாள். மடிப்புக் கலையாமல் கட்டைச்சுவர் மேல் வைத்துவிட்டு மறுபடி கயிற்றருகே போய் நிற்பாள். அவள் புருஷன் செவ்வாய்க்கிழமைதான் வேலையில் சேர்ந்தானாம். முதல் நாள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள், அந்தப் பெயரே இல்லை. உங்க வீட்டுக்காரர் வேற எங்கயாவது போயிருப்பார்மா, வீட்டுக்குப் போங்க என்றார்கள். அவள் போகவில்லை. புதிதாக வருகிறவன் பெயரைச் சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் எழுதுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவன் வெளியே வரவில்லையே.

வியாழக்கிழமை அவள் பெரியவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க தம்பி பேர் இருக்குல்ல?"

இருக்கு என்றான். அவள் தலையாட்டினாள். தம்பி பெயர் பட்டியலில் இருப்பவனைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படாமல் தலையாட்டினாள். பெரியவனுக்கு அன்று பேப்பர் கையில் கனத்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு சேதி வந்தது. சாலையின் இரு பக்கமும் கட்டடங்களில் விரிசல் ஓடுகிறது. உள்ளே உயிர் இருப்பதற்கு அடையாளம் கிடைக்காவிட்டால் மாலை ஆறு மணிக்குக் கான்கிரீட் இறக்கிப் பள்ளத்தை அடைத்துவிடுவார்கள். இது முதல் சேதி. பக்கத்துத் தெருவில் கலவை லாரிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அவற்றின் வயிறு சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது சேதியைக் கொண்டுவந்தது ஒரு பெண் இன்ஜினியர். கழுத்தில் காதுக்கருவி, முழங்கால் வரை சேறு. பதினேழு பேரும் வண்டிக்காகக் காத்திருக்கிற கட்டைச்சுவருக்கு வந்து, யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். குழாய் உள்ளே வெற்றிடத்தைத் தொட்டுவிட்டது என்றாள். பதினெட்டு மீட்டர். ஆனால் குழாயில் காது வைத்தால் ஊரின் சத்தம் முழுக்கக் கேட்கிறது. லாரி, பஸ், ஹாரன், ஜெனரேட்டர். அதற்குள்ளே ஒரு மனிதன் கல்லால் தட்டினால் எப்படிக் கேட்கும்? காலையில் போலீஸை வைத்துச் சாலையை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியதும் ஹாரன் இரண்டு மடங்கானது. ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியாதவன் கை ஹாரனை விடாது. ரேடியோவில் சொன்னார்கள், ரேடியோ வீட்டில் இருக்கிறது, ஹாரன் சாலையில் இருக்கிறது. அப்போது பையில் போன் வைத்துக்கொண்டு திரிகிற காலம் வரவில்லை.

அதனால் பேப்பர் அலுவலகத்தில் பேசிவிட்டாள். இன்றைக்கு முதல் பக்கம் முழுவதும் ஒரே வரி. ஐந்தரை மணிக்கு ஐந்து நிமிடம். இஞ்சினை அணைத்து, வாயை மூடி, அப்படியே நிற்க வேண்டும். நாலு மணிக்குப் பேப்பர் வரும். ஒன்றரை மணி நேரத்தில் இந்தச் சந்தியைத் தொடுகிற எல்லாத் தெருவுக்கும் அதைக் கொண்டுபோவது நீங்கள்தான் என்றாள்.

 தெற்கு முனைக்காரன், அவனுக்கு வெங்கலம் என்று பட்டப்பெயர், தொண்டையைச் செருமினான்.

"மேடம், ஊர்லயே ஓயாம கத்துறவங்க நாங்க பதினேழு பேர்தான். எங்ககிட்ட வந்தா வாய மூடச் சொல்லச் சொல்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது அனைவரும் பெரியவனைப் பார்த்தார்கள்.

அவன் தெருக்களைப் பங்கிட்டான். பஸ் நிலையத்துக்கு மூன்று பேர். இரண்டு பாலங்களுக்கும் ஒவ்வொருவர். மார்க்கெட்டுக்கு வெங்கலம், அங்கே அவன் குரல்தான் ஏறும். பட்டறைத் தெருவுக்கு இருவர், ஒவ்வொரு பட்டறைக்குள்ளும் போய் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும், சுத்தியல் அடிக்கிறவனுக்குக் காது கேட்காது. ஐந்து இருபத்தைந்தோடு கூவலை நிறுத்திவிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னான்: சிவப்பு விழும்போது ஜாக்கிரதை, நம்ம வாய் நம்ம பேச்சைக் கேக்காது, வேண்டுமென்றால் துண்டை அடைத்துக்கொள்ளுங்கள். அதை அவன் மற்றவர்களுக்குத்தான் சொன்னான்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் கட்டுகளை வழக்கம்போல எறியவில்லை, இறங்கிக் கையில் கொடுத்தான். காசு வாங்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னதாகச் சொன்னான். முதல் பக்கம் பெரிய கறுப்பு எழுத்தில் இருந்தது: ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் சத்தம் வேண்டாம். அடியில் அதே எட்டுப் பெயர். துணிப்பைக்காரி வந்து ஒரு பேப்பர் வாங்கினாள், விரல் வைத்துப் படித்தாள், சுவர் மேல் வைத்தாள்.

பிறகு ஒன்றரை மணி நேரம் பதினேழு பேரும் அந்த ஒரு வரியைக் கூவினார்கள். வாழ்நாளில் அவர்கள் எதையும் விற்காமல் கூவியது அன்றுதான். பேப்பர் நீட்டினால் வாங்காதவனே இல்லை. டிரைவர்கள் வாங்கிப் படித்துவிட்டுப் பின்னால் வருகிற வண்டிக்குக் கொடுத்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டு, நான் அடுத்த நாலு நிறுத்தத்துக்குச் சொல்றேன் என்று போனான். ஐந்து இருபத்தைந்துக்குக் கூவல் நின்றது. பெரியவன் கையில் நாலைந்து பேப்பர் மிஞ்சியிருந்தது. இடது முழங்கையில் வழக்கம்போல மடித்துப் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்றான். வலது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்ஜினியர் குழாய் அருகே மண்டியிட்டாள். டிராஃபிக் போலீஸ்காரர் சிக்னல் பெட்டியைத் திறந்து, தானாக மாறுகிற விளக்கைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். ஐந்தரைக்கு நான்கு பக்கமும் சிவப்புப் போட்டார்.

வண்டிகள் நின்றன. பிரேக் சத்தம் வந்தது. இரைச்சல் தணிந்தது. அந்த இரண்டு விநாடி திறந்தது. பெரியவனின் உள்ளங்கையில் அவன் வாய் முட்டியது. அமுக்கிக்கொண்டான்.

இரண்டு விநாடி மூடவில்லை.

மூன்றாவது விநாடி வந்தது, நான்காவது வந்தது. இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் சந்தி, பிறகு பாலத்துச் சரிவு, பிறகு மார்க்கெட் பக்கம். தூரத்தில் பட்டறைத் தெருவின் கடைசிச் சுத்தியலும் நின்றது. சத்தம் போகப் போக அது எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்று தெரிந்தது. கலவை லாரிகளின் வயிறுகள் நின்றன. அப்போதுதான் அவை அத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் காதில் உறைத்தது.

பெரியவன் அந்த இடத்தைக் காதால் அதற்கு முன் கண்டதில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சாய்ந்து நின்ற சிக்னல் பெட்டிக்குள் ஏதோ ஒன்று சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. சூடான இஞ்சின்கள் ஆறுகிற சத்தம், டிக் டிக் என்று, நூற்றுக்கணக்கில். எங்கோ ஒரு மாடியில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதை மார்போடு அணைத்ததும் அதுவும் அடங்கியது. தலைக்கு மேலே ஒரு பறவை போனது. அதன் சிறகடிப்பு கேட்டது.

ஆயிரம் பேர் இருப்பார்கள், இரண்டாயிரம் பேர்கூட இருப்பார்கள். ஒருவர் கூட இருமவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, பை தூக்கியபடி, சாலையைக் கடக்க ஒரு கால் எடுத்து வைத்தபடி, அப்படியே நின்றார்கள். எல்லோர் முகமும் கொஞ்சம் குனிந்திருந்தது, காலடியில் யாரோ தூங்குவது போல. இவர்களை அவனுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்காமல் விரலாட்டித் துரத்தியவர்கள், பச்சை விழுமுன் ஹாரன் அடித்தவர்கள்.  வாயைப் பொத்தியிருந்த கை எப்போது கீழே இறங்கியது என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு நிமிடம். இன்ஜினியர் தலையசைத்தாள், இல்லை. இரண்டு. இல்லை. மூன்று. தம்பி மனைவி கயிற்றைப் பிடித்திருந்தாள். இன்ஜினியரின் மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு.

நான்கு நிமிடமாக விசையை அழுத்திப் பிடித்திருந்த போலீஸ்காரரின் கட்டைவிரல் மரத்துப்போய் வழுக்கியது. கிழக்குப் பக்கம் பச்சை விழுந்தது.

ஒரு வண்டியும் நகரவில்லை. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆறு வரிசை வண்டியும் அசையாமல் நின்றது. பெரியவன் ஆயுளில் பார்க்காத காட்சி அது. போலீஸ்காரர் பதறி மறுபடி அழுத்தினார்.

கண்ணின் ஓரத்தில் சிவப்பு விழுந்தது.

"பேப்பரேய், மாலைப் பேப்பர்!"

அவன் குரல் அவ்வளவு பெரியது என்று அவனுக்கே தெரிந்ததில்லை. கட்டடங்களில் மோதித் திரும்பி வந்தது. இன்ஜினியர் காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்து காதைப் பொத்திக்கொண்டாள். ஆயிரம் முகங்கள் திரும்பின. மார்க்கெட்டிலிருந்து திரும்பிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வெங்கலம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். தம்பி மனைவி அவனைப் பார்த்த பார்வையை அவன் சாகும்வரை மறக்கப்போவதில்லை. மண் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று நின்றான். நின்ற அந்த நேரம், பழக்கத்தில் அவன் தம்பிக்கு விடுகிற அதே இடைவெளி.

குழாய் ஒலித்தது.

காதுக்கருவி தேவைப்படவில்லை. கீழேயிருந்து இரும்பில் கல் மோதுகிற சத்தம், மெலிதாக, தெளிவாக. இரண்டு நெடில், மூன்று குறில். நிறுத்தம். மறுபடி இரண்டு நெடில், மூன்று குறில்.

இன்ஜினியர் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடு மட்டும் அசைய, என்னது இது என்றாள்.

"என் தம்பி மேடம்" என்றான் பெரியவன். "சூடா இருக்குன்னு சொல்றான்."

அவள் புரியாமல் பார்த்தாள். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அவன் வந்து மண்டியிட்டான். எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு கேக்க முடியுமா என்று அவள் காதோடு கேட்டாள், எப்படிக் கேட்பது என்று தனக்கே தெரியாதவள் போல. முடியும் என்றான். இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தான்.  இரண்டு தட்டு, நிறுத்தி, ஒரு தட்டு.

ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. ஐந்து முப்பத்தைந்து, முப்பத்தாறு. யாரும் இஞ்சினைப் போடவில்லை.

பெரியவன் கண்ணை மூடிக் குழாயில் காதை வைத்தான். எத்தனை பாக்கி என்றால் தம்பிக்குப் புரியுமா? பேப்பர் இல்லாத இடத்தில் எதை எண்ணுவான்? பதிலுக்கு நேரமானது. உள்ளே அவன் இருட்டில் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணுகிறான் என்பது பெரியவனுக்குத் திடீரென்று தெரிந்தது.

தட்டல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நிறுத்தம்.

இன்ஜினியர் ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்து உயர்த்திப் பிடித்தாள். கயிற்றுக்குப் பின்னால் எட்டுக் குடும்பங்கள் அந்தக் கையைப் பார்த்தன.

ஒன்று. மறு கையில் ஒரு விரல். இரண்டு. மூன்று.

எட்டு. யாரோ ஒரு கிழவர் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார். தம்பி மனைவி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். இன்ஜினியர் கையை இறக்கப்போனாள். பெரியவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

நான்கு.

மேலதிகாரி குனிந்தார். பதிவேட்டில் எட்டுதான், எதிரொலியாக இருக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் எண்ணத் தவறியிருப்பான் என்று கிசுகிசுத்தார். பெரியவன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அவன் கை பிசகாது சார்."

இன்ஜினியர் மறுபடி கேளுங்க என்றாள். மறுபடி கேட்டான். ஐந்து. நிறுத்தம். நான்கு. இந்தத் தடவை ஒவ்வொரு தட்டும் அழுத்தமாக வந்தது, கேட்டதையே கேட்கிறாயே என்று கோபித்துக்கொள்வது போல. தம்பி எப்போதும் அப்படித்தான்.

பெரியவன் எழுந்து கயிற்றுப் பக்கம் திரும்பினான். துணிப்பைக்காரி எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தாள். அவள் இன்ஜினியரின் விரல்களைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக ஊர்ச் செய்தியெல்லாம் கூவியவன் அவன். வாயைத் திறக்காமல் ஒரு கையை விரித்தான், மறு கையில் நாலு விரலை உயர்த்தினான். அவள் தோளிலிருந்து துணிப்பையை இறக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூட்டம் தானாக விலகி அவளை முன்னால் விட்டது. மூன்று நாளில் முதல்முறையாக யாரும் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் முதல் கலவை லாரியின் டிரைவர் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. இறங்கி, மற்ற மூன்று லாரி டிரைவர்களையும் கூப்பிட்டான். இஞ்சினைப் போடாமல், தோள் கொடுத்து லாரியை அங்கிருந்து தள்ளிக்கொண்டுபோக முடியுமா என்று பார்த்தார்கள். முடியவில்லை. லாரியாயிற்றே. அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டார்கள். மௌனம் மொத்தம் பதினொரு நிமிடம் நீடித்தது. அதைக் கலைத்தது யார் என்று பிறகு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். வெங்கலம் அழுத அழுகைதான் என்று பெரியவன் சொல்வான்.

குழாய் வழியாக முதலில் தண்ணீர் போனது. விடிய விடியத் தோண்டினார்கள். மறுநாள் நடுப்பகலில் ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள். மூன்றாவதாக வந்தவனுக்குக் கால் உடைந்திருந்தது. பெயர் எழுதுகிறவர் பட்டியலைப் பார்த்தார், புரட்டினார், பிறகு அடியில் ஒரு கோடு போட்டு ஒன்பது என்று எண்ணிட்டு, உன் பேர் என்னப்பா என்றார். அவன் சொல்லுமுன் துணிப்பைக்காரி சொன்னாள்.

சின்னவன் கடைசியில் வந்தான். முகமெல்லாம் மண், கண்ணில் துணி கட்டியிருந்தார்கள். வெளிச்சம் ஆகாது என்றார்கள். தம்பி மனைவி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், பெரியவன் மறு கையை. அந்தக் கையின் விரல் முட்டிகளில் தோலே இல்லை. ஸ்ட்ரெச்சரோடு மூவரும் ஆம்புலன்ஸ் வரை நடந்தார்கள்.

குழாய் எங்கே வந்தது என்று இருட்டில் தங்களுக்குத் தெரியவே இல்லை என்று அவன் சொன்னான். குரல் கரகரவென்றிருந்தது. மூன்று நாளும் மேலே லாரி ஓடுகிற அதிர்வு ஒன்றுதான் துணை. அது கேட்கிறவரை மேலே ஊர் இருக்கிறது, நாம் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். சுவரைத் தட்டித் தட்டி ஓய்ந்துவிட்டார்கள்.

"அப்புறம் திடீர்னு எல்லாம் நின்னுபோச்சுண்ணே. ஒண்ணுமே இல்ல. ஒரு சத்தம்கூட இல்ல. செத்துட்டோம்னு நினைச்சோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் கையப் புடிச்சிக்கிட்டு, செத்தா இப்படித்தான் இருக்குமான்னு உக்காந்திருந்தோம்."

ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தார்கள்.

"அப்பதான் நீ கத்துன, கைக்கெட்டுற தூரத்துல குழாய்லேர்ந்து. எனக்கு வந்துச்சு பாரு கோவம். செத்த பிறகும் இவன் பேப்பர் விக்க வந்துட்டானேன்னு."

தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி மனைவியும் சிரித்தாள், நாலு நாளில் முதல்முறையாக. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். சின்னவன் கட்டிய கண்ணோடு அண்ணன் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, என்னண்ணே, பேச்சையே காணோம் என்றான்.

பெரியவனுக்கு வாய் திறந்தது. குரல் வரவில்லை. தம்பியின் கைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரின் இரும்புச் சட்டம் இருந்தது. அதைச் சாவியால் ஒருமுறை தட்டினான்.